புல் வெட்ட லீவு

நவமணி அக்காவிடம் பொய் சொல்லி லீவு வாங்கியவர் எங்கள் தொழிற்சாலையில் யாரும் கிடையாது. புக்கிட் தெங்காவில் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்த்து பிரிண்டருக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் பாகங்கள் செய்கிற இடம் எங்களுடையது. அக்கா அங்கே சூப்பர்வைசர். நான் காஜா மொய்தீன், அலுவலகத்தில் உட்கார்ந்து லீவுப் படிவங்களுக்கு முத்திரை குத்துகிறவன். பத்தொன்பது வருடப் பழக்கம். அவரைப் பற்றி எழுத உனக்கு என்ன உரிமை என்று யாராவது கேட்டால், அவர் செய்த தப்பில் பாதி என்னுடையது என்பதுதான் என் பதில்.

வயிற்று வலி என்று வருகிறவனிடம் அக்கா கோபப்பட மாட்டார். "பசியாறிட்டியாடா?" என்று அன்பாகக் கேட்பார். "ஆச்சுக்கா, ரொட்டி சானாய் ரெண்டு" என்று அவன் சொன்னதும், "அப்ப வயிறு நல்லாதான் இருக்கு, போய் மெஷினப் பாரு லா" என்பார். ஒரே தங்கைக்கு இரண்டு முறை கல்யாணம் செய்து வைத்த ஒருவனிடம், மூன்றாவது கல்யாணத்துக்குத் தன்னையும் அழைக்கச் சொன்னார். மதிய வேளையில் கேன்டீனில் இந்தக் கதைகளை அவர் நடித்துக் காட்ட, நாங்கள் சோற்றை மறந்து சிரிப்போம். உண்மையான சாவுக்கும் நோய்க்கும் அவரே என் மேசைக்கு ஓடி வந்து, படிவத்தை அவரே நிரப்பி, அன்றைக்கே ஆளை அனுப்பி வைப்பார். கல் நெஞ்சுக்காரர் இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் நான் சொல்லப் போவதைக் கேட்டால் நீங்கள் அப்படித்தான் நினைப்பீர்கள்.

அவருக்கென்று வருடத்தில் ஒரே ஒரு லீவு உண்டு. தைப்பூசம். கணவர் முனுசாமி லாரி விபத்தில் போனதற்கு அடுத்த வருடம், ஆறு வயது மகள் ஷர்மினிக்கு டெங்கி வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிள்ளை பிழைத்தால் சாகும்வரை பூசம் தோறும் தண்ணீர்மலைக் கோயில் பாதையில் நின்று தாகத்துக்குக் கொடுக்கிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தாள். இன்று கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். இருபத்திரண்டு வருடமாக அக்கா பூசத்துக்கு முதல் நாள், பூசம், மறுநாள் என்று மூன்று நாளும் தண்ணீர்ப் பந்தலில் நிற்பார். பந்தலுக்கு ஐஸ் கட்டி கொண்டு போய் இறக்குவது என் பொறுப்பு. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் இருக்கிற என் வீட்டில் இருந்து மோட்டார் சைக்கிளில் ஐஸ் போகிறது என்றால் தைப்பூசம் வந்துவிட்டது என்று தெருவில் சொல்வார்கள்.

அக்கா பந்தலில் நிற்கும்போது வேலைத்தளத்தில் பழைய இயந்திரங்கள் மூன்றைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த மூன்றும் குணம் கெட்டவை. அச்சு மாற்றும்போது சூடு கொஞ்சம் தவறினாலும் பிளாஸ்டிக் உள்ளேயே இறுகி, அச்சே வீணாகிவிடும். அவற்றின் போக்கு தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அக்கா. இன்னொருவன் பிஸ்ராம்.

பிஸ்ராம் தாரு, நேப்பாளத்தின் மேற்கில், இமயமலை அடிவாரத்துச் சமவெளியில் இருந்து வந்தவன். பர்தியா தேசியப் பூங்காவின் ஓரத்துக் கிராமம். ஆறு வருடத்தில் மலாயும் தமிழும் கலந்து ஒரு மாதிரி பேசக் கற்றுக்கொண்டிருந்தான். மெதுவான ஆள், சத்தமே வராது. அக்காவை 'தீதி' என்று கூப்பிடுவான், அவர்கள் மொழியில் அக்கா. அச்சு மாற்றும் வேலையைக் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தது அக்காதான். வெள்ளிக்கிழமை தோறும் அவனுக்கென்று வீட்டிலிருந்து இட்லி வரும். எங்களில் யாருக்கும் வந்ததில்லை.

சில வருடங்களுக்கு முன்பு, பிஸ்ராம் ஊர்ப் பக்கத்துக்காரன் ஒருவன், காட்டு யானை வந்து வீட்டுச் சுவரை இடித்துக் குதிரில் இருந்த நெல்லைத் தின்றுவிட்டது என்று லீவு கேட்டிருந்தான். இடிந்த சுவரின் படத்தைக் கைப்பேசியில் காட்டினான். "இது மழையில விழுந்த செவுரு. யானை எங்க? போட்டோ எடுக்கறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடுச்சா?" என்றார் அக்கா. லீவு கிடைக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் அவன் போய்விட்டான். யானைக் கதை மட்டும் கேன்டீனில் தங்கிவிட்டது. அக்கா துதிக்கை மாதிரி கையை ஆட்டி நடித்துக் காட்டுவார். அவனும் பிஸ்ராமும் ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள் என்பது அப்போது எங்களுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருட டிசம்பரில் ஒரு நாள் பிஸ்ராம் படிவத்தோடு வந்து நின்றான். அக்கா என் மேசைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

"தீதி, ஜனவரில ஊருக்குப் போகணும்."

"போ லா. ஒரு மாசம் லீவு பாக்கி இருக்கு இல்ல? எதுக்குடா, கல்யாணமா?"

"புல் வெட்ட."

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். இருவருக்கும் சிரிப்பு வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அவன் பொறுமையாகச் சொன்னான். ஊரை ஒட்டியிருக்கும் காடு முழுக்கப் பூங்கா. ராணுவக்காரர்கள் காவல். யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. வருடத்துக்கு ஒரு தடவை, குளிர்காலத்தில், சில நாட்கள் மட்டும் ஊர்க்காரர்களைச் சீட்டு கொடுத்து உள்ளே விடுவார்கள். கூரைக்குப் புல்லும் சுவருக்கு நாணலும் அந்த நாட்களில் வெட்டியதுதான். தவறவிட்டால் அடுத்த வருடம். அவன் வீட்டுக் கூரை போன மழைக்கே ஒழுகியது. அப்பாவுக்குக் கண் தெரியாது. மனைவி பிமலா தனியாக இருக்கிறாள்.

"மார்ச்ல போயேன். புல்லு எங்கடா ஓடிடப் போவுது?"

"மார்ச்ல இருக்காது தீதி. வெட்டி முடிஞ்சா மிச்சத்த எரிச்சிடுவாங்க. மானுக்குப் புதுப் புல் முளைக்கணும்."

"எரிக்கப் போற புல்லுக்கா லீவு கேக்கற? அலாமாக்!"

அக்காவுக்கு இதற்கு மேல் அடக்க முடியவில்லை. நானும் சும்மா இருந்தேனா? "ஏன்டா, நம்ம திடல்ல முனிசிபல்காரன் மாசாமாசம் வெட்டிக் குப்பையில கொட்றான். ரெண்டு மூட்டை கட்டி பார்சல் அனுப்பிடலாம் லா" என்றேன். அந்த அறையே சிரித்தது. மதியத்துக்குள் வேலைத்தளம் முழுக்க அவனுக்குப் 'புல்லுக்கட்டு' என்று பெயர் விழுந்தது. பெயர் வைத்த புண்ணியவான் நான்தான்.

சிரித்து முடித்த பிறகு அக்கா உண்மையைச் சொன்னார். "இங்க பாரு பிஸ்ராம். பூசம் ஜனவரி கடைசில வருது. நான் பந்தல்ல நிக்கணும், நீ மெஷின்ல நிக்கணும். ரெண்டு பேரும் இல்லன்னா அந்த மூணு சனியனையும் யாரு பாக்கறது?"

"பத்து நாள் மட்டும் தீதி. பிமலாவால ஒத்தையா முடியாது."

"மார்ச்ல போ. ஒரு மாசத்துக்கு ஒன்றரை மாசமா வாங்கித் தரேன். என் பொறுப்பு."

அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தது எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. பேனாவை வாங்கி, ஜனவரியை அடித்துவிட்டு மார்ச் என்று எழுதினான். நான் முத்திரை குத்தினேன்.

பூசத்தன்று காலை பதினொரு மணிக்கு நான் நான்காவது தடவை ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தேன். அக்கா மஞ்சள் புடவையில் ரோஸ் சிரப் கலக்கிக் கோப்பை கோப்பையாக நீட்டிக்கொண்டிருந்தார். காவடிகள் ஏறிக்கொண்டிருந்தன. உறுமி மேளச் சத்தத்தில் என் கைப்பேசி அடித்தது காதில் விழவில்லை, சட்டைப் பையில் அதிர்ந்துதான் தெரிந்தது. தொழிலாளர் விடுதியைப் பார்த்துக்கொள்கிற இப்ராஹிம் பேசினான்.

"அண்ணே, நம்ம பிஸ்ராம் வைஃப் எறந்துட்டாங்க. காட்டுல புல் வெட்டப் போன எடத்துல. புலி அடிச்சிடுச்சாம்."

அதை எப்படி அக்காவிடம் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அவர் கையில் இருந்த கோப்பை நிரம்பி வழிந்து புடவையில் ஊற்றியது மட்டும் நினைவிருக்கிறது. தாகத்தோடு நின்ற ஒரு கிழவர், "போதும்மா, போதும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அக்கா ஜாடியைக் கீழே வைத்துவிட்டு, "காஜா, மோட்டார எடு" என்றார்.

கோயில் இருப்பது தீவில், தொழிற்சாலை கடலுக்கு அக்கரையில். பாதி சாலைகளை அடைத்திருந்தார்கள். சுற்றிச் சுற்றிப் பாலத்துக்குப் போய்ச் சேரவே ஒரு மணி நேரம் ஆகியது. பாலம் முழுக்க அக்கா என் சட்டையைப் பின்னால் இறுக்கிப் பிடித்திருந்தார். நான் கடலையே பார்க்காமல் ஓட்டினேன்.

விடுதிக்குப் போனால் பிஸ்ராம் அங்கே இல்லை. இயந்திரத்தில் நின்றான். சேதி வந்து இரண்டு மணி நேரம் ஆகியும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். அச்சு பாதி கழற்றியபடி இருந்தது. கையுறை போட்ட கை திருகாணியைப் பிடித்து, ஒவ்வொன்றாக, எப்போதும் போல மெதுவாகக் கழற்றியது.

"ஏன்டா இங்க நிக்கற?" என்று அக்கா கத்தினார்.

"ஆள் இல்ல தீதி. பாதில விட்டா மோல்டு கெட்டுடும்."

அக்கா அவன் கையில் இருந்து திருகாணிச் சாவியைப் பிடுங்கினார். சிரப் ஊற்றிய புடவை காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கோலத்தில் நின்று மீதி அச்சை அவர்தான் கழற்றி முடித்தார். பிறகு தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். இயந்திரங்கள் போட்ட சத்தத்தில் அவன் சொன்னதைக் கேட்க நாங்கள் இருவரும் குனிய வேண்டியிருந்தது.

காட்டுக்குள் கூட்டமாகத்தான் போவார்களாம். ஆனால் வெட்டும்போது ஆளுக்கொரு பக்கம் சிதறிவிடுவார்கள். புல் வெட்டுகிறவர் குனிந்தே இருப்பார். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ஆள் நிமிர்ந்து நின்று, எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டிக் கூச்சல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சத்தத்துக்குப் புலி ஒதுங்கிப் போகும். அவன் வீட்டில் தட்டோடு நிற்பவன் அவன்தான். அவன் இல்லாததால் பிமலா தட்டை மகள் கையில் கொடுத்தாள். ஒன்பது வயது.

"கை வலிச்சுதாம் தீதி. கரண்டிய மத்த கைக்கு மாத்துனேன், அவ்வளவுதான்னு சொல்றாளாம். அதையே திரும்பத் திரும்பச் சொல்றாளாம்."

அக்கா வாயைப் புடவையால் பொத்திக்கொண்டார். பிறகு கேட்டார், "புலின்னு ஒரு வார்த்தை ஏன்டா சொல்லல? அன்னிக்கு அத்தனை சொன்னியே, கூரை ஒழுகுதுன்னு சொன்ன, அப்பாவுக்குக் கண்ணு தெரியலன்னு சொன்ன. புலி இருக்குன்னு சொல்லியிருந்தா..."

"யானைன்னு சொன்னவன் கதைய நீங்க எப்படி நடிச்சுக் காட்டுவீங்கன்னு பாத்திருக்கேன் தீதி. புலின்னு சொன்னா இன்னும் சிரிப்பீங்கன்னு நெனச்சேன்."

அவன் குத்திக் காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். எனக்கு அந்த இடத்தைவிட்டு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

விமானச் சீட்டு மறுநாள் இரவுக்குத்தான் கிடைத்தது. அங்கே இறங்கி, பஸ் பிடித்து அவன் ஊர் போய்ச் சேர்வதற்குள் பிமலாவை எரித்து எல்லாம் முடித்திருந்தார்கள். விமான நிலையத்துக்கு அக்காவும் வந்தார். உள்ளே போகும் முன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன மன்னிச்சிடுடா" என்று அழுதார். "நீங்க என்ன பண்ணுவீங்க தீதி" என்றான். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அக்காவுக்கு அதுவே ஆறுதலாக இருந்திருக்கும்.

திரும்பி வரும் வழியில் அக்கா என் கைப்பேசியில் அந்தப் பூங்காவின் படங்களைத் தேடச் சொன்னார். நிறைய வந்தன. ஜீப்பில் உட்கார்ந்து கேமராவோடு சிரிக்கும் வெள்ளைக்காரர்கள். தண்ணீர் குடிக்கும் புலி, அழகாகத்தான் இருந்தது. புலிகளின் எண்ணிக்கை பல மடங்கு பெருகிவிட்டதாக உலகமே பாராட்டுகிற செய்திகள். பெருகட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அந்தக் கைதட்டலுக்குள் தட்டோடு நிற்கிற பிள்ளையின் சத்தம் எவன் காதிலும் விழாது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பிறகு நான் வைத்த பெயர் நினைவுக்கு வந்தது, கோபம் அடங்கிவிட்டது.

அக்கா ஒரு படத்தில் நின்றுவிட்டார். யானை மேல் உட்கார்ந்த ஆளின் தலையும் தோளும் மட்டும் தெரிந்தன. யானை தெரியவில்லை. மீதி முழுக்கப் புல்.

"காஜா, இதுவா புல்லு?"

"ஆமாக்கா."

"நான் நம்ம திடல்ல இருக்கே, அந்தப் புல்லுன்னு நெனச்சேன்டா."

பிஸ்ராம் ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பி வந்தான். மகளை மாமன் வீட்டில் விட்டிருந்தான். அதே இயந்திரம், அதே மெதுவான கை. புல்லுக்கட்டு என்று கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை இட்லியை அவன் முன்பு போலவே வாங்கிக்கொண்டான். அக்கா கதை நடிப்பதை நிறுத்திவிட்டார். யார் என்ன சொல்லிக் கேட்டாலும் லீவு கொடுத்தார். வயிற்று வலிக்காரனிடம் பசியாறினாயா என்று கேட்கவில்லை. சிலர் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். மேலே இருந்து அவருக்கு எச்சரிக்கைக் கடிதம்கூட வந்தது, அதையும் நான்தான் கொண்டு போய்க் கொடுத்தேன்.

போன நவம்பரில் ஒரு மதியம் அக்கா என் மேசைக்கு வந்து ஒரு படிவத்தை நீட்டினார். பிஸ்ராமின் பெயர். ஜனவரி முதல் தேதியில் இருந்து ஒரு மாதம். காரணம் என்ற இடத்தில் அவர் கையெழுத்தில் 'புல் வெட்ட' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே பூசத்துக்கு அவர் லீவு எடுக்கப் போவதில்லை, மூன்று இயந்திரங்களையும் அவரே பார்த்துக்கொள்வார் என்று இன்னொரு வரி.

"அக்கா, பந்தல்?"

"ஷர்மினி வந்து நிப்பா. அவளுக்காக வேண்டினது, அவளே நிக்கட்டும். முத்திரை குத்து லா."

குத்தினேன். இருவரும் படிவத்தை எடுத்துக்கொண்டு வேலைத்தளத்துக்குப் போனோம். பிஸ்ராம் கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கினான். எழுத்துக் கூட்டிப் படித்தான். அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மாதிரி ஒரு முகத்தோடு அவர் மலைக்கோயிலில் நின்று நான் பார்த்திருக்கிறேன்.

அவன் படிவத்தை மடித்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான்.

"வேணாம் தீதி. இப்ப கூரைக்குத் தகரம் போட்டாச்சு. இனிமே புல் வெட்ட யாரும் போக வேண்டியதில்ல."

"அப்ப மகளப் பாத்துட்டு வாடா. சும்மா போய் இருந்துட்டு வா."

"அவ அந்த வீட்டுக்கு வர மாட்டேங்கறா தீதி. கூட்டிட்டுப் போன அன்னிக்கு மழை பேஞ்சுது. தகரத்துல மழை விழுந்தா தட்டு தட்டற மாதிரியே இருக்குதாம். மழை கொஞ்சம் விட்டா அத விட அதிகமா பயப்படறா. நிறுத்தாதே, நிறுத்தாதேன்னு கத்தறா."

சொல்லிவிட்டு அவன் கையுறையை மாட்டிக்கொண்டு இயந்திரத்துப் பக்கம் திரும்பினான்.

அன்று நான்கு மணிக்கு எங்களுக்கும் மழை வந்தது. தொழிற்சாலைக் கூரையும் தகரம்தான். இருபத்தாறு வருடமாக அந்தச் சத்தத்துக்குக் கீழேதான் அக்கா வேலை செய்திருக்கிறார், மழை வந்தால் குரலை உயர்த்திப் பேசுவாரே தவிர நிமிர்ந்து பார்த்ததில்லை. அன்றைக்கு வேலைத்தளத்தின் நடுவில் நின்று கூரையைப் பார்த்தார். அரை மணி நேரத்தில் மழை குறைந்தது. சத்தம் மெல்ல மெல்ல அடங்கி, கடைசியில் ஒன்றுமே இல்லாமல் போனபோது, நவமணி அக்கா படிவத்தைப் பிடித்த கையோடு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.